அடிக்குறிப்பில் ஓர் அறிஞர்

ஓர் அறிஞரின் செல்வாக்கை அவரை மேற்கோள் காட்டுவோரின் தொகையைக் கொண்டு அளக்கலாம் என்பது கல்வியுலகில் வேரூன்றிவிட்ட நம்பிக்கையாகும். யூஜீன் கார்பீல்ட் 1964இல் விஞ்ஞானத் துறைகளுக்கென வெளியிட்ட மேற்கோட் சுட்டியும், அதனைப் பின்பற்றி 1970களில் சமூக விஞ்ஞானங்களுக்கும் கலைத்துறைகளுக்கும் தோன்றிய சுட்டிகளும் இவ்வழக்கத்துக்கு வித்திட்டன.

இவ்வளவுகோலின்படி மிக உயர்ந்து நிற்பவர்களுள் ஒருவர் ஜோன் றோல்ஸ். 1971இல் வெளிவந்த அவரது ‘நீதி பற்றிய ஒரு கோட்பாடு’ அரசியல் மெய்யியலில் மட்டுமன்றிச் சட்டம், பொருளியல், கல்வியியல் ஆகிய துறைகளிலும் இடையறாது சுட்டப்பட்டு வருகின்றது. எனது இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையில் நானும் அவரைச் சுட்டினேன். ‘அறியாமைத் திரை’ பற்றி ஒரு பந்தி. அதன் கீழே நூற்பெயர், ஆண்டு, பக்க எண் யாவும் ஒழுங்காகவே இருந்தன.

மேற்பார்வையாளர் நூலகப் பிரதியை என்முன் வைத்து, “இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டும்” என்றார். எடுத்தேன். அங்கு பேசப்பட்டிருந்ததோ வேறொரு விடயம். நூலகத்திலிருந்தது 1999ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பு. நான் தந்த எண் முதற் பதிப்புக்குரியது. பிறிதொருவரின் அடிக்குறிப்பிலிருந்து பெயர்த்தெழுதியது. “நீர் வாசிக்கவில்லை” என்று அவர் கூறவில்லை. கூறியிருப்பின் நாணம் சற்றுக் குறைந்திருக்கும்.

அதன் பின்னரே நூலை வாசிக்கத் தொடங்கினேன். அவரைச் சுட்டியோரையும் புதிய கண்கொண்டு நோக்கினேன். றொபேட் நோசிக் 1974இல் எழுதிய நூலில் றோல்ஸை வன்மையாக மறுத்தார். ஆயினும், இனி அரசியல் மெய்யியலாளர் அக்கோட்பாட்டினுள் நின்று இயங்க வேண்டும், அன்றேல் இயங்காமைக்குக் காரணம் கூற வேண்டும் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். சூசன் மோலர் ஒக்கின் 1989இல், குடும்பத்தினுள் நிலவும் அநீதியை றோல்ஸ் போதியளவு ஆராயவில்லை எனக் குறை கண்டார். அக்குறையை நிவர்த்திக்க அவரது கோட்பாட்டையே கருவியாகவும் கொண்டார். செல்வாக்கு என்பது இதுவன்றோ? மறுப்பவரையும் தன்னோடு வாதிட வைப்பது. குறை காண்பவருக்கும் கருவியாவது.

சுட்டியின் கணக்கிலோ நோசிக்கின் மறுப்பும் ஒக்கினின் திருத்தமும் என்போன்றோரின் இரவல் அடிக்குறிப்பும் ஒவ்வொன்றாகவே எண்ணப்படும். ஒரு பெயர் எத்தனை இடங்களுக்குச் சென்றது என்பதை எண்கள் கூறலாம். அங்கு அது என்ன செய்தது என்பதை வாசிப்பே கூறும்.

அப்பந்தியை நீக்கி மீள எழுதினேன். எனது கட்டுரையில் றோல்ஸ் முன்பும் ஒரு முறையே சுட்டப்பட்டிருந்தார். இப்போதும் ஒரு முறையே. எண்ணிக்கையில் மாற்றமில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை இனி எவர் கேட்பினும் என்னால் எடுத்துக் காட்ட முடியும்.