தொண்ணூறு மீட்டர் ஒயரின் விலை

பெங்களூரில் எலக்ட்ரீஷியன் ஒருவர் எங்கே பொருள் வாங்கினால் மலிவு என்று கேட்டால், தொழிலில் இருப்பவர்கள் தயங்காமல் சொல்லும் விடை ‘பேட்டை’ என்பதுதான். ஆயினும் அப்படிச் சொல்பவர்களிலேயே பலர், பேட்டை விலையைக் காட்டிலும் கூடுதலாகக் கொடுத்துத் தம் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள எலக்ட்ரிக்கல் கடையில் அன்றாடம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். இதை அறியாமை என்றோ சோம்பல் என்றோ ஒதுக்கிவிட முடியாது. மலிவு என்ற சொல்லுக்கு இத்தொழிலில் உள்ள பொருளே வேறு என்பதற்கு அது சான்றாகும்.

பேட்டை என்பது முதலாம் கெம்பே கௌடர் 1537-இல் அமைத்த பழைய நகரம். அரிசிக்கு அக்கிப்பேட்டை, பருத்திக்கு அரளேப்பேட்டை, எண்ணெய் ஆட்டுவோருக்குக் காணிகர்பேட்டை என்று தொழிலுக்கு ஒரு தெருவாக வகுக்கப்பட்ட அந்த ஊரில் மின்சாரத்துக்கென ஒரு பேட்டை இருந்திருக்க வழியில்லை. ஆனால் ஒரே சரக்கை விற்பவர்கள் ஒரே தெருவில் கூடும் பழக்கம் நானூறு ஆண்டு நின்றதால், பின்னால் வந்த மின்பொருளும் அந்த வழக்கத்துக்கே பணிந்து, சிக்பேட்டையை ஒட்டிய பி.வி.கே. ஐயங்கார் சாலையில் ஒயர், சுவிட்ச், விளக்குக் கடைகளாகவும், எஸ்.பி. ரோட்டில் மின்னணு உதிரிப்பாகங்களாகவும் கணினிச் சாமான்களாகவும் குடியேறிக்கொண்டது. டெல்லிக்குப் பகீரத் பேலஸும் மும்பைக்கு லோஹார் சாலும் எப்படியோ, பெங்களூருக்கு இந்தச் சில சந்துகள் அப்படி.

மின்சாரம் இந்த ஊருக்கு வந்த வழியில் தமிழரின் உழைப்புக்கு மறைமுகமான ஒரு பங்கு உண்டு. 1902-இல் காவிரியின் சிவனசமுத்திர அருவியில் தொடங்கிய நீர்மின் நிலையம் முதலில் ஒளியூட்டியது பெங்களூருக்கு அன்று. தமிழ்த் தொழிலாளர் பெருந்திரளாக இறங்கி உழைத்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கே ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுபோனார்கள். அத்திட்டத்துக்குத் துணைநின்ற மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் 1901-இலேயே காலமாகிவிட்டார். பெங்களூரின் தெருவிளக்குகள் எரியத் தொடங்கியது 1905 ஆகஸ்டில்.

பேட்டையில் விலை எப்படி உருவாகிறது என்பதை ஒரே ஒரு ஒயர்ச் சுருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் இழுக்கும் ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் ஒயர், அதாவது உள்ளிருக்கும் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு அவ்வளவு என்று பொருள், 90 மீட்டர் நீளச் சுருளாக அட்டைப்பெட்டியில் வருகிறது; இந்த நீளம் பழைய நூறு கஜத்துக்கு ஏறத்தாழ ஈடானது. தயாரிப்பாளர் வெளியிடும் விலைப்பட்டியலில் ஒரு தொகை இருக்கும், அந்தத் தொகைக்கு எவரும் வாங்குவதில்லை. அதிலிருந்து எத்தனை விழுக்காடு கழிக்கப்படுகிறது என்பதே பேச்சு. ‘முப்பது பிளஸ் அஞ்சு’ என்று கடைக்காரர் சொன்னால் முப்பத்தைந்து என்று புதியவர் எண்ணிக்கொள்வார். ஆனால் 2,000 ரூபாய்ப் பட்டியல் விலையில் முப்பது கழிந்து 1,400 ஆகி, அந்த 1,400-இல்தான் ஐந்து கழியும். நிற்பது 1,330, முப்பத்தைந்தாக இருந்தால் 1,300 ஆகியிருக்கும். இதன் மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. ஏறும்போது அந்த முப்பது ரூபாய் முப்பத்தைந்தாகி, இருபது சுருள் வாங்கும் ஒரு வீட்டு வேலையில் எழுநூறு ரூபாயைத் தாண்டுகிறது. ‘கம்மி மாடி’ என்று கன்னடத்தில் கேட்பவர்களும் ‘கம்மி பண்ணுங்க’ என்று தமிழில் கேட்பவர்களும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால், இந்தத் தெருவில் பேரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவதில்லை.

பட்டியல் விலையே அடிக்கடி மாறுவதற்குக் காரணம் செம்பு. கடைக்காரர்கள் ‘காப்பர் ஏறிடுச்சு’ என்று சொல்வது வெறும் சாக்கு அன்று. லண்டன் உலோகச் சந்தையில் ஒரு டன் செம்பின் விலை 2021 மே மாதத்திலும் 2024 மே மாதத்திலும் 10,000 டாலரைக் கடந்தபோது, அதன் அதிர்வு சிக்பேட்டையின் பழைய சரக்கையும் விட்டுவைக்கவில்லை. இந்தியாவுக்கு இதில் தனியாக ஒரு பாதிப்பும் உண்டு. ஆலையின் மாசை எதிர்த்துப் போராடியவர்கள்மீது போலீசார் நடத்திய, பதின்மூன்று பேர் உயிரிழந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் 2018 மே மாதத்தில் தூத்துக்குடிச் செம்பு உருக்காலை மூடப்பட்டது. அதுவரை சுத்திகரித்த செம்பை ஏற்றுமதி செய்துவந்த நாடு அதன்பின் இறக்குமதியை நம்பும் நாடாயிற்று. ஆலையைச் சூழ்ந்து வாழ்ந்தவர்கள் அதுவரை கொடுத்துவந்த விலை எந்தப் பட்டியலிலும் ஏறியதில்லை.

செம்பின் விலை எவருக்கும் ஒன்றுதான் என்றால், பத்துக் கடையில் ஒரு கடை மட்டும் மிகக் குறைத்துத் தருவது எப்படி? பெருமளவில் வாங்கி அடக்கவிலையைக் குறைத்தவர் ஒரு வகை. உள்ளிருக்கும் உலோகத்தைக் குறைத்தவர் இன்னொரு வகை. ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் பரப்பும் 90 மீட்டர் நீளமும் செம்பின் அடர்த்தியும் சேர்த்துப் பெருக்கினால் ஒரு சுருளில் ஏறத்தாழ 1.2 கிலோ செம்பு இருக்க வேண்டும். இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் சுருளில் 2 கிலோ. அளவு குறைந்த இழைகளைக் கொண்டதும், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பூச்சுக் கம்பியின் முனையைப் பிளேடால் சுரண்டினால் சிவப்பு போய் வெள்ளை தெரியும். அத்தகைய சுருளைக் கையில் தூக்கிய அளவிலேயே அனுபவசாலிகள் கீழே வைத்துவிடுகிறார்கள், ஏனெனில் அலுமினியத்தின் அடர்த்தி செம்பினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐ.எஸ். 694 என்ற தரநிர்ணயப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஒயரை விற்பது சட்டப்படி குற்றம். முத்திரைக்குக் கீழுள்ள உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கைபேசிச் செயலியில் சரிபார்க்கவும் இயலும். ஆயினும் கூட்டம் நெருக்கும் கடை முகப்பில் நின்று அதைச் செய்பவர்களைக் காண்பது அரிது. நீளத்திலும் ஏமாற்று உண்டு. மீட்டர் மீட்டராக எண் அச்சிட்ட ஒயரை விரும்பி வாங்குவோர் அதனால்தான் அவ்வாறு செய்கிறார்கள்.

பில்லின் தன்மையும் விலையை மாற்றுகிறது. ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பிட்ட துண்டுச்சீட்டில் எழுதித் தரும் விலைக்கும், வரி எண்ணோடு அச்சாகும் பில்லின் விலைக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் வரிதான். பதிவு செய்துகொண்ட ஒப்பந்ததாரர் கட்டிய வரியைத் தம் கணக்கில் கழித்துக்கொள்ள முடியும் என்பதால் அவருக்கு முறையான பில்லே மலிவு. ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் கீழாகப் பதிவின்றி உழைக்கும் தனி எலக்ட்ரீஷியனுக்கோ கழிப்பதற்குக் கணக்கே இல்லை. சீட்டைக் கேட்பதில் அவருக்கு உடனடி ஆதாயம் இருப்பதுபோல் தோன்றினாலும், ஆறு மாதம் கழித்து எம்.சி.பி. எனப்படும் தானியங்கித் துண்டிப்பான் பழுதாகி உத்தரவாதம் கேட்கப் போகும் நாளில் அந்தச் சீட்டால் பயனில்லை.

அப்படியானால் பேட்டையிலிருந்து தள்ளியுள்ள ஒயிட்ஃபீல்டிலும் கே.ஆர். புரத்திலும் வேலை செய்பவர்கள் பக்கத்துக் கடையில் கூடுதல் விலை கொடுப்பது எதற்காக? சிக்பேட்டைக்கு மெட்ரோ ரயில் நிலையம் 2017-இலேயே வந்துவிட்டது, ஆனால் பத்துச் சுருளையும் இருபத்தைந்து பைப்பையும் தோளில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் ஏற முடியாது. ஆட்டோ பிடித்துப் பேட்டையின் சந்துகளில் நெரிசலில் நின்று திரும்பினால் அரைநாள் கூலி போய்விடுகிறது. நேரத்தைவிடப் பெரிய காரணம் கடன். வீட்டுக்காரர் முன்பணம் தராமல் வேலையைத் தொடங்கச் சொல்லும்போது, ‘அண்ணா, சனிக்கிழமை கொடுத்திடுறேன்’ என்ற ஒரு சொல்லுக்கு நோட்டில் எழுதிச் சரக்கைக் கொடுப்பவர் பக்கத்துக் கடைக்காரரே. மீந்த சுவிட்சுகளை உறை பிரிக்காமல் கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்பவரும் அவரே. அறிமுகமில்லாத பேட்டைக் கடையில் பணம் முதலில், சரக்கு பிறகு. ஆகவே கூடுதலாகக் கொடுக்கும் ரூபாயைப் பொருளின் விலையாக எண்ணாமல், வட்டியாகவும் வண்டிச் சத்தமாகவும் எண்ணுவதே பொருத்தம். அவ்வாறு கணக்கிட்டால் சில மாதங்களில் பக்கத்துக் கடையே மலிவாக இருந்துவிடுகிறது.

வீட்டுக்காரர்களின் மனத்தில் இருக்கும் ஐயம் வேறு: எலக்ட்ரீஷியன் கடைக்காரரிடம் கமிஷன் வாங்குகிறார் என்பது. பல நிறுவனங்கள் ஒயர்ப் பெட்டிக்குள் கூப்பன் வைப்பதும், இப்போது கைபேசியால் ஸ்கேன் செய்து புள்ளிகள் சேர்க்கச் சொல்வதும் உண்மைதான். பொருளைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் வேறொருவர் என்ற நிலையில் தயாரிப்பாளர்கள் முன்னவரையே நாடுவதில் வியப்பில்லை. இதற்கு அஞ்சிப் பலர் பொருளைத் தாமே வாங்கித் தந்து கூலியை மட்டும் பேசும் ‘லேபர் காண்ட்ராக்ட்’ முறைக்குப் போகிறார்கள். ஆனால் கழிவு கேட்கத் தெரியாத அவர்கள் பட்டியல் விலைக்கு அருகிலேயே வாங்கிவந்து, தவிர்க்க நினைத்த கமிஷனைவிடக் கூடுதலாக இழப்பது அடிக்கடி நடக்கிறது.

வேலை முடிந்த வீட்டில் எஞ்சுபவை சிவப்பு, மஞ்சள், நீலம், கருப்பு, பச்சை நிறங்களில் கையளவும் முழ அளவுமான துண்டுகள். எலக்ட்ரீஷியன்கள் அவற்றைக் கோணிப்பையில் சேர்த்துவைத்து, நீளமானவற்றை அடுத்த வேலையில் ஜங்ஷன் பாக்ஸுக்குள் இணைப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். மற்றவை பழைய இரும்புக்கடைக்குப் போகின்றன. அங்கே பிராண்டின் பெயரையோ பட்டியல் விலையையோ எவரும் கேட்பதில்லை. மேலுறையை உரித்த செம்பைத் தராசில் வைத்து, கிராம் கணக்குப் பார்த்துக் கிலோ விலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். புதிய ஒயராகக் கடையில் கைமாறிய நாளில் ஒருவரும் நிறுத்துப் பார்க்காத அதே செம்பு.