பவளத் தொட்டிக்கு முதலில் எதை வாங்குவது?



எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியின் படத்தைப் பொங்கலன்று போட்டதிலிருந்து, என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "மிஸ், எங்க வீட்டிலயும் இதுமாதிரி ஒண்ணு வைக்கணும், என்னென்ன வாங்கணும்?" ஒருவர் கடையில் எழுதிக்கொடுத்த பட்டியலையே அனுப்பிவிட்டார். பதினேழு பொருள்கள். கூட்டினால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. அவருக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு. ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். பணம் போடுவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அந்தப் பட்டியலில் முதல் பொருள் விளக்கு. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்குப் பட்டியலில் ஒன்றுமே இல்லை. என் கணக்கு இதற்கு நேர் எதிரானது. எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது நின்றுபோனால் எத்தனை நேரத்தில் உயிர் போகும்?" சில மணி நேரத்தில் போகும் என்றால் அதற்குத்தான் முதல் பணம். ஒரு வாரம் தாங்கும் என்றால் அது பிறகு.

அதற்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொட்டிக்குள் எந்த உயிர் வரப்போகிறது?

நம் நாட்டில் கல்பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கறுப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவற்றையும் அந்த ஆண்டே சேர்த்துவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல ஆண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்கப் பாறை இல்லாமல், இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. "லைவ் ராக்" என்று சொல்லிக் கடலில் எடுத்த பாறையை யாராவது கொடுத்தால், அதுவும் பெரும்பாலும் கல்பவளத்தின் எலும்புக்கூடுதான். வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்று சொன்னாலும் காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். 2022-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சர்வதேசப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிர்களை வைத்திருந்தால் பதிவு செய்தாக வேண்டும்.

அப்படியானால் தொட்டியில் என்னதான் வைப்பது? மென்பவளங்களில் பல இந்தப் பட்டியலில் இல்லை. மஷ்ரூம், ஜோயாந்தஸ் போன்றவை. அவற்றையும் கடலிலிருந்து பிடுங்கியதாக இல்லாமல், ஏற்கெனவே தொட்டி வைத்திருப்பவர் வெட்டி வளர்த்த துண்டாகக் கேட்டு வாங்குங்கள். பாறைக்குச் செயற்கைப் பாறை, செராமிக் கல். மீனுக்குக் கோமாளி மீன் இருக்கிறது. நீமோ படத்துக்குப் பிறகு குழந்தைகளுக்கு அது நீமோதான். கடலில் பிடிக்கத் தேவையில்லை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், நமக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. "இது பண்ணையில் பிறந்ததா?" என்று கடையில் தயங்காமல் கேளுங்கள். பண்ணை மீன் தொட்டிக்குப் பழகியது, நாம் போடும் தீனியை உடனே தின்னும்.

இப்படி முடிவு செய்ததும் பட்டியல் தானாகவே சுருங்குகிறது. கல்பவளம் எலும்பு கட்டுவதற்குத்தான் கால்சியம் ரியாக்டர், டோசிங் பம்ப் எல்லாம். அது இல்லையென்றால் அவையும் வேண்டாம். பெரிய விளக்கும் வேண்டாம். பதினேழில் ஐந்தை நான் அப்போதே அடித்துவிட்டேன். ஹீட்டரையும் சேர்த்துத்தான். புதுச்சேரியில் தண்ணீரைச் சூடாக்க யாராவது பணம் கொடுப்பார்களா!

இனி வரிசைக்கு வருகிறேன்.

சில மணி நேரத்தில் உயிர் போவது, தண்ணீர் அசையாமல் நின்றால். உப்புத் தண்ணீரில் நல்ல தண்ணீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு குறைவாகக் கரைகிறது. சூடு ஏறினால் இன்னும் குறையும். தண்ணீர் புரண்டு மேலே வந்தால்தான் காற்றைக் குடிக்கும். எனவே வேவ் மேக்கரும், தண்ணீரை மேலேற்றும் பம்பும், அவற்றை ஓட்ட இன்வெர்ட்டரும் முதலில். 200 லிட்டர் தொட்டி என்றால் மணிக்கு 4,000 லிட்டராவது புரட்டும் வேவ் மேக்கராகப் பாருங்கள். ஒரு பெரியதைவிட இரண்டு சிறியவை நல்லது. ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும்.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மற்ற வகையில் பம்ப் இரைச்சல் போடும், சூடாகும். 150 ஏ.ஹெச். பேட்டரி என்றால் 12 வோல்ட்டால் பெருக்குங்கள், 1,800 வாட்-மணி. பாதியை மட்டும் நம்பினால் 900. பம்பும் வேவ் மேக்கரும் சேர்ந்து 40 வாட் என்றால் சுமார் 20 மணி நேரம் ஓடும். அதே பேட்டரியில் சில்லரையும் மாட்டினால் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. எனவே எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி இந்த இரண்டுக்கு மட்டும் தனி இணைப்பு எடுங்கள்.

இது வெறும் கணக்கு இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் நம் ஊர்ப் பக்கத்தில் கரை கடந்ததை நாம் யாரும் மறக்க மாட்டோம். ஒரே நாளில் கிட்டத்தட்ட அரை மீட்டர் மழை. தெருவில் படகு விட்டார்கள். எங்கள் தெருவில் போன மின்சாரம் மறுநாள் இரவுதான் வந்தது. வீட்டில் மின்விசிறி, விளக்கு எதையும் போடவில்லை. "மனுஷங்களுக்கு மெழுகுவத்தி, மீனுக்கு இன்வெர்ட்டரா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்டுவிட்டு, பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்பை அவரே எடுத்து வைத்தார். இன்வெர்ட்டர் விடியற்காலையில் ஓய்ந்ததும் அதுதான் காப்பாற்றியது. சில நூறு ரூபாய்ப் பொருள். எங்கள் வீட்டுக் கோமாளி ஜோடி இன்றும் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் எங்களைவிடப் பெரிய தொட்டி, அழகான விளக்கு. அந்த வீட்டில் விடிந்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த வீட்டுச் சிறுமி என்னிடம் வந்து அழுதது இன்னும் மனதில் நிற்கிறது.

ஓரிரு நாளில் உயிரை வாங்குவது சூடு. பவள உயிரிக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. அது சமைத்துக் கொடுப்பதில்தான் பவளம் பெரும்பாலும் வாழ்கிறது. தண்ணீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தாலே அந்த உறவு முறிந்து பவளம் வெளுக்கிறது. 2016-இல் மன்னார் வளைகுடாவில் அப்படித்தான் வெளுத்தது. தொட்டியில் 25, 26 டிகிரி இருக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில் மூடிய அறையில் தண்ணீர் 31-ஐத் தாண்டும். மேலே சிறிய விசிறி வைத்தால் இரண்டு டிகிரி இறங்கும். ஆனால் கடலோர ஈரக்காற்றில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆகவே சில்லர் நமக்கு ஆடம்பரம் இல்லை. வாங்கும்போது உள்ளே இருக்கும் சுருள் டைட்டானியமா என்று கேளுங்கள். செம்பு துளி கரைந்தாலும் பவளமும் இறாலும் சாகும். இதே காரணத்தால் வீட்டுப் பித்தளை அண்டாவில் உப்புத் தண்ணீர் கலக்காதீர்கள். நல்ல பிளாஸ்டிக் டிரம் போதும்.

அடுத்தது தண்ணீர். "கடற்கரை பக்கத்திலேயே இருக்கே, ஒரு கேன் மொண்டு வந்தா என்ன?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரையோரத்தில் வாய்க்கால் தண்ணீரும் படகு எண்ணெயும் கலக்கின்றன. வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் அக்வேரியம் உப்பு. 200 லிட்டருக்கு 7 கிலோ. குடிதண்ணீர் ஆர்.ஓ.வில் சுவைக்காகக் கொஞ்சம் தாது விட்டுவைப்பார்கள். அதன் பின்னால் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் சேர்த்து டி.டி.எஸ். பூஜ்யம் ஆக்குங்கள். உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டர், 1.025 காட்ட வேண்டும்.

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று விளக்கத் தேவையில்லை. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். தொட்டியிலும் அதேதான். விசிறி ஓடினால் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர்கூடக் குறையும். குறைந்ததற்கு வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் நாளுக்கு நாள் கரிப்பு ஏறும். ஊருக்குப் போகிறவர்கள் தானாக நிரப்பும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு புரோட்டீன் ஸ்கிம்மர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். கடல் கொந்தளிக்கும் நாளில் கரையில் நுரை ஒதுங்குமே, அதுதான். நுண்குமிழியில் கழிவு ஒட்டிக்கொண்டு மேலே வந்து கிண்ணத்தில் விழும். அழுகி அமோனியா ஆவதற்கு முன்பே வெளியேறிவிடும். தொட்டியின் அளவைவிட ஒரு படி பெரியதாக வாங்குங்கள்.

கடைசியில்தான் விளக்கு. மூன்று நாள் இருட்டில் இருந்தாலும் தொட்டி பிழைத்துக்கொள்ளும். மென்பவளத்துக்கு நீலம் கலந்த நடுத்தர எல்.இ.டி. போதும். இதில் மிச்சம் பிடிக்கும் பணம் சில்லருக்குப் போகட்டும்.

தொட்டி எவ்வளவு பெரியது? மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 190 லிட்டர். இதைவிடச் சிறியது மலிவு என்று நினைக்காதீர்கள். கொஞ்சத் தண்ணீரில் சூடும் உப்பும் சட்டென்று மாறும். பெரிய தண்ணீர் நம் கவனக்குறைவைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 300 கிலோவை நெருங்கும். பழைய மெட்ராஸ் ஒட்டு மாடியில் வைக்கிறவர்கள் சுவர் ஓரமாக, கொத்தனாரைக் கேட்டு வையுங்கள். உப்புத் தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் என்பதால் எர்த், ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம். ஒவ்வொரு ஒயரும் ப்ளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கிடையாது.

எல்லாம் மாட்டியதும் மீன் வாங்க ஓடாதீர்கள். கழிவைத் தின்னும் பாக்டீரியா பாறையில் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் சொன்ன பிறகு ஒரு ஜோடி மீன். பவளம் அதற்கும் பிறகு.

மாதச் செலவையும் சொல்லிவிடுகிறேன். பம்ப், ஸ்கிம்மர், விளக்கு, கோடையில் சில்லர் என்று நாளைக்கு சுமார் நான்கு யூனிட், மாதம் 120. உப்பும் ஃபில்டரும் தனி. வாங்கும் விலையைவிட இந்த மாதச் செலவைத்தான் முதலில் வீட்டில் பேசுங்கள். அது கட்டாது என்றால் நல்ல தண்ணீர்த் தொட்டியில் நான்கு கப்பி மீன் விடுங்கள். குழந்தைக்கு அதுவும் அதே பாடத்தைச் சொல்லித்தரும். குறை ஒன்றும் இல்லை.

1832-இல் ஜான் வில்ப்ரே பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டி செய்து கடல் உயிரை வைத்தார். தையல் வேலை பார்த்து வந்தவர். நத்தைபோல் ஓடு சுமக்கும் ஒருவகைக் கணவாய் அந்த ஓட்டைத் தானே செய்கிறதா, வேறொன்றிடம் எடுத்துக்கொள்கிறதா என்று பார்ப்பதற்காக. தானே செய்கிறது என்று காட்டினார். அதைக் காணும்வரை அந்த உயிரைப் பிழைக்க வைத்திருந்தார் இல்லையா, அதுதான் பெரிய வேலை.

பட்டியல் அனுப்பிய தம்பிக்கு: அடித்துத் திருத்திய பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இன்வெர்ட்டரும் சில்லரும் இந்த வருடம். விளக்கு தீபாவளி போனஸில். மற்றவர்கள் தொட்டி வைக்கும் இடம், அளவு, வீட்டில் இன்வெர்ட்டர் உண்டா இல்லையா, இந்த மூன்றையும் எழுதிக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.