வளவு வீடு

செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் எம் முன்னோர் எடுப்பித்த வீடு நூறாண்டு கடந்தது. பர்மாவில் ஈட்டிய பொருளால் எழுந்தமையின் அதன் தூண்கள் யாவும் பர்மாத் தேக்கே. 1942-இல் அந்நாடு சப்பானியர் கைப்பட்டபோது வருவாய் அற்றது; வீடும் பேணுவாரின்றிப் பொலிவிழந்தது.

தூண்களைப் பெயர்த்து விற்றுவிடலாம் என்றனர் பங்காளிகள் சிலர்; விலை பேச வணிகரும் வந்தனர். "வீட்டை விற்றுவிட்டு முன்னோர்க்குப் படைப்பு எங்கே இடுவீர்கள்?" என்றார் அப்பத்தா. அவ்வினாவிற்கு விடை கூறுவார் இலர். மணமான ஒவ்வோர் இணையையும் ஒரு புள்ளியாகக் கொள்வது நகரத்தார் வழக்கம். அவ்வாறே புள்ளிக்கு இவ்வளவென வரி வகுத்து, ஆண்டுக்கு ஒரு பகுதியாகச் செப்பனிடத் தொடங்கினோம்.

ஈரம் ஏறிய சுவரில் முன்னொரு கொத்தனார் சிமெண்டு பூசியிருந்தார். சிமெண்டு ஈரத்தை எளிதில் வெளிவிடாது. ஆதலின் உள்ளிருந்த செங்கல் உப்புப் பூத்து உதிர்ந்தது. அப்பூச்சைக் கொத்தி நீக்குதற்கே ஓராண்டு கழிந்தது. பின்னர், பல நாள் ஊறிய சுண்ணாம்பில் கடுக்காயும் கருப்பட்டியும் கரைந்த நீரைச் சேர்த்து அரைத்துப் பூசினர். இறுதிப் பூச்சில் முட்டையின் வெண்கருவும் சேர்ந்தது. வழுவழுப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய அச்சுவரில் முகம் பார்க்கலாம் எனின் மிகையன்று. இவ்வேலை அறிந்த முதியவர் ஒருவரே கிடைத்தார். அவரிடம் இளைஞர் இருவரைப் பயிலவிட்டதே யாம் செய்தவற்றுள் சிறந்தது என்பேன்.

தளத்திற்கு ஆத்தங்குடிக் கற்கள் பதித்தோம். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை வார்த்து, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்தே அவற்றை ஆக்குவர்.

இரண்டாங்கட்டின் ஓடுகள் இன்னும் மாற்றப்படவில்லை. மழைநாளில் அங்கே கிடாரம் வைத்து ஒழுக்கை ஏந்துகின்றோம். அடுத்த ஆண்டு வரி அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது.