வாற்கோதுமை நீர்



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குளிர்காலத்தில், இறையியல் கருத்தரங்கு ஒன்றிற்காகச் சியோல் நகரம் சென்றிருந்தேன். எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியின் இல்லத்தில் தங்கினேன். அவர் முதலில் என் முன் வைத்தது, ஆவி பறக்கும் இளம்பழுப்பு நீர் நிறைந்த ஒரு குவளை. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. ஒரு வாய் அருந்திவிட்டுக் குவளையை ஒதுக்கிவைத்தேன். தொலைவிலிருந்து வந்தவனுக்குக் கருகல் வாசனை வீசும் வெந்நீர்தானா உபசாரம் என்ற மனத்தாங்கல் எனக்குள் எழுந்ததை மறைக்கப்போவதில்லை.

மறுநாள் காலை அவரைச் சமையலறையில் கண்டேன். வாற்கோதுமையை வெறும் வாணலியில் இட்டு, கரும்பழுப்பு நிறம் ஏறும்வரை இடைவிடாமல் வறுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு பிடியைக் கொதிக்கும் நீரில் இட்டுக் காய்ச்சி வடித்தார். இதன் பெயர் 'போரிச்சா'. 'போரி' என்றால் வாற்கோதுமை. 'சா' என்றால் தேநீர். ஆயினும் இதில் தேயிலை கிடையாது. கொரிய இல்லங்களில் குளிர்காலத்தில் சூடாகவும், கோடையில் குளிரவைத்தும், தண்ணீருக்குப் பதிலாகவே இதை அருந்துகிறார்கள்.

அவர் தம் சிறுவயதைப் பற்றிப் பேசினார். அவருடைய மகன் அதை எனக்கு ஆங்கிலத்தில் எடுத்துரைத்தார். 'போரிட்கோகே', அதாவது 'வாற்கோதுமைக் கணவாய்' என்றொரு காலம் இருந்ததாம். இலையுதிர் காலத்தில் அறுத்த நெல் தீர்ந்துவிடும். வயலில் வாற்கோதுமை இன்னும் முற்றியிராது. வசந்தகாலத்தின் அந்த வாரங்களைக் காட்டுக்கீரைகளையும் பைன் மரத்தின் உட்பட்டையையும் உண்டு கடப்பார்கள். மலைக்கணவாயை ஏறிக் கடப்பதுபோன்ற துன்பம் அது.

"என் தங்கை அந்தக் கணவாயைக் கடக்கவில்லை" என்றார். சற்று நேரம் அடுப்பையே நோக்கியிருந்தார். பின்பு, "தானியத்தை உண்ணாமல், அதன் மணத்தை மட்டும் நீரில் எடுத்துக்கொள்ளும் நாள் வருமென்று என் தாய் நினைத்தே இருக்கமாட்டார்" என்றார்.

முந்தின இரவு நான் ஒதுக்கிய குவளை என் கண்முன் நின்றது. அன்று அவர் ஊற்றித் தந்ததை, அடிவரை மெதுவாக அருந்தினேன். மன்னிப்புக் கேட்க எனக்குக் கொரிய மொழி தெரியவில்லை. மகன் வழியாகக் கேட்கவும் துணிவு வரவில்லை. வெறுமையான குவளையை இரு கைகளாலும் ஏந்தி நீட்டினேன். அவர் புன்னகைத்து மீண்டும் நிரப்பினார்.

ஐயாயிரம் பேருக்குப் பகிரப்பட்ட ஐந்து அப்பங்களும் வாற்கோதுமை அப்பங்களே என்று யோவான் குறித்துவைத்திருக்கிறார். அது எளியோரின் உணவு. பலமுறை பிரசங்கித்த அந்தப் பகுதியை, ஊர் திரும்பிய பின் புதிதாய் வாசித்தேன்.

இந்த வாரம் யாரேனும் நம் முன் எளிமையாய் எதையேனும் வைத்தால், அதை ஒதுக்குமுன் சற்றுப் பொறுத்திருப்போம்.