படிவத்தின் வாயிலில் தமிழ்ப் பெயர்கள்

இணையதளங்களில் நம் பெயரையும் முகவரியையும் எழுதி அனுப்புகின்ற தொடர்புப் படிவத்தை இன்று நிரப்பாதார் அரியர். கட்டங்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தியவுடன் சிவப்பெழுத்தில் ஒரு வரி தோன்றி நம்மைத் தடுத்து நிறுத்துவதைப் பலரும் கண்டிருப்பர். அவ்வாறு தடுப்பது யார்? தொலைவில் எங்கோ இயங்கும் சர்வர் எனப்படும் வழங்கிக் கணிப்பொறியா? பெரும்பாலும் அன்று. நம் கைப்பேசியினுள்ளேயே, உலாவியின் அகத்தே, ஜாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் எழுதப்பெற்ற சில வரிகளே தடுக்கின்றன. அவ்வரிகளுக்கும் தமிழ் எழுத்திலக்கணத்திற்கும் இடையே நேர்ந்த பிணக்கு ஒன்றனை ஈண்டுக் கூற விழைகின்றோம். தமிழ்த்துறை மலரில் இச்செய்தி எதற்கு என்று வினவும் பெரியோர்கள் சற்றே பொறுத்தருள வேண்டும்.

இம்மொழியின் பிறப்பு சுவையானது. 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பார் பத்தே நாள்களில் இதன் முதல் வடிவைச் சமைத்தார். அந்நாளில் தொலைபேசிக் கம்பிவழி மோடம் கொண்டே இணையத்தை எட்டினர். படிவத்தை அனுப்பி, அது வழங்கியைச் சென்றடைந்து, ‘மின்னஞ்சல் முகவரியை எழுத மறந்தீர்’ என்னும் விடை திரும்புதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். அக்குறையை அனுப்புமுன்பே, இருந்த இடத்திலேயே சுட்டிக்காட்டுதல் இம்மொழிக்குக் கிடைத்த முதற்பணிகளுள் ஒன்று. ஆகவே இச்சரிபார்ப்பு, நிரப்புவோரின் நேரத்தை மிச்சப்படுத்தும் ஓர் உபசாரமாகவே தோன்றியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 2014-இல் எச்.டி.எம்.எல். 5 தரம் நிறைவுற்றபோது, ‘இக்கட்டம் கட்டாயம்’, ‘இது மின்னஞ்சல்’ என்பன போன்ற எளிய சோதனைகளை உலாவியே மேற்கொள்ளும் நிலையும் வந்தது.

நம் துறைக்கென ஓர் இணையப்பக்கமும், முன்னாள் மாணவர்கள் எழுதுவதற்கு ஒரு படிவமும் வேண்டுமென்று பலர் கேட்டவண்ணம் இருந்தனர். கணிப்பொறியியல் பயிலும் மாணவர் ஒருவர் மனமுவந்து அப்பணியை ஏற்றார். அவர் அமைத்த பெயர்க் கட்டத்தில் ‘முகம்மது’ என்று தமிழில் தட்டினோம். ‘தவறான பெயர்’ என்றது படிவம். ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்துகளை மட்டுமே ஏற்கும் விதி அது. நூல்களில் காணப்படும் வழக்கமான விதி என்றார் அவர். தமிழ்த்துறையின் படிவத்தில் தமிழ் செல்லாது என்பது அவருக்கே நகைப்பை விளைத்தது. உடனே திருத்தினார். உலகமொழிகள் அனைத்தின் எழுத்துகளையும் ‘எழுத்து’ என்னும் ஒரே வகைப்பெயரால் குறிக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில் 2018 முதல் உண்டு, அதனை இட்டார். மீண்டும் தட்டினோம். மீண்டும் ‘தவறான பெயர்’.

வேறு சில பெயர்களை இட்டுப் பார்த்தபோது வியப்பான ஒன்று புலப்பட்டது. ‘சரவண’ என்பதைப் படிவம் ஏற்றது. ‘சரவணன்’ என்றதும் மறுத்தது.

இதன் காரணம் யூனிகோடு என்னும் உலகக் குறியீட்டு முறையில் உள்ளது. அம்முறையில் உயிரெழுத்துகளும் அகரமேறிய உயிர்மெய்களும் ‘எழுத்து’ என்னும் வகையைச் சார்ந்தவை. காலும் கொம்பும் விசிறியும் புள்ளியும் ‘குறி’ என்னும் வேறொரு வகையைச் சார்ந்தவை. ‘எழுத்து மட்டும்’ என்று விதித்தால் ‘ன்’ என்பதன் புள்ளி வெளியே நிற்கும். நம் இலக்கணத்தில் மெய் முதற்கண் உள்ளது. அகரம் வந்து சேர்ந்து அதனை இயக்கும். யூனிகோட்டிலோ அகரமேறிய எழுத்தே முதல். புள்ளி வந்து அகரத்தை நீக்குகிறது. தொல்காப்பியர் கண்ட வரிசை தலைகீழாக நிற்கிறது! கணிப்பொறிக்கு அது வசதி. அதில் நமக்குப் பெரிய வழக்கொன்றும் இல்லை. ஆனால் விதி எழுதுவோர் அறிந்திருத்தல் வேண்டும். ‘எழுத்தும் குறியும்’ என்று விதியை விரித்தவுடன் சரவணனும் முகம்மதுவும் ஒருங்கே உள்ளே சென்றனர்.

எண்ணிக்கையிலும் இதே சிக்கல் உண்டு. ‘தமிழ்’ நமக்கு மூன்றெழுத்து. ஜாவாஸ்கிரிப்ட் அதனை 5 என்று எண்ணும். ‘முகம்மது’ ஐந்தெழுத்து, அதற்கோ 8. செய்திக் கட்டத்திற்கு 500 என்று எல்லை வகுத்தால் தமிழில் எழுதுவோர்க்கு அந்த இடம் விரைவில் தீர்ந்துபோகும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தையே ஒன்றாக எண்ணும் கருவி இன்று உலாவிகளில் உண்டு. 2024-இல் ஃபயர்பாக்ஸும் அதனை ஏற்றுக்கொண்டது. அதனைப் பயன்படுத்துவோர் எத்துணைப் பேர் என்பதுதான் வினா.

இவையெல்லாம் கணிப்பொறி விளையாட்டு எனத் தள்ளிவிட இயலாது. நம் மாணவி ஒருவர் ஓர் உதவித்தொகைக்கு இணையவழி விண்ணப்பித்தார். சான்றிதழில் அவர் பெயர் ஒரு தலைப்பெழுத்தும் ஒரு சொல்லுமே. படிவமோ ‘குடும்பப் பெயர்’ கட்டாயம் என்றது. தலைப்பெழுத்தை இட்டார், மூன்றெழுத்திற்குக் குறைதல் கூடாது என்று தடுத்தது. புள்ளியோடு இட்டார், புள்ளி ஆகாது என்றது. இறுதி நாள் நெருங்கவே, தந்தையின் பெயர் முழுவதையும் அக்கட்டத்தில் எழுதி அனுப்பினார். சில மாதங்கள் கழித்து, விண்ணப்பத்துப் பெயரும் சான்றிதழ்ப் பெயரும் ஒன்றல்ல என்று கூறி விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது. கணவரை இழந்த அவர்தம் அன்னையார், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் பெறுவதற்காக அன்றாடக் கூலியை விட்டுவிட்டு மூன்று நாள்கள் அலைந்தார். தொகை கைக்கு வந்தபோது கட்டணம் செலுத்தும் நாள் கடந்துவிட்டது. அப்படிவத்தை எழுதியவர் தீயவர் அல்லர். மாந்தர் அனைவர்க்கும் தம்மைப் போன்றே இரு பெயர்கள் உண்டு என எண்ணியவர், அவ்வளவே. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் இன்று வந்து நிரப்பினாலும், குடும்பப் பெயர்க் கட்டத்தில் ‘புலவர்’ என்று எழுதித்தான் தப்பிக்க வேண்டும் போலும்!

தொலைபேசி எண்ணிலும் இத்தகைய குறுகிய நோக்கு உண்டு. ‘பத்து இலக்கம் மட்டும்’ என்னும் விதி இந்தியக் கைப்பேசிக்குப் பொருந்தும். நம் முன்னாள் மாணவர்களுள் ஒரு பகுதியினர் கடல் கடந்து வாழ்கின்றனர். சிங்கப்பூர், குவைத், கத்தார் எண்கள் எட்டு இலக்கம். சவூதி அரேபியக் கைப்பேசிக்கு நாட்டுக் குறியீடு நீங்கலாக ஒன்பது. யாருக்காகப் படிவம் அமைக்கிறோமோ அவர்களையே விதி புறந்தள்ளும். நாட்டுக் குறியீட்டையும் சேர்த்து உலக எண்கள் பதினைந்து இலக்கத்தை மிஞ்சா. அந்த மேலெல்லை போதும் என்று முடிவு செய்தோம்.

“விதிகளை இவ்வாறு தளர்த்தினால் தீயோர் நுழைய மாட்டாரா, தம்பி?” என்று வினவினோம். “ஐயா, உலாவியில் உள்ள சோதனை காவலே அன்று” என்றார் அவர். உண்மையே. ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் படிவத்தை அனுப்பலாம். உலாவியே இன்றி வழங்கிக்கு நேரே செய்தி அனுப்பவும் வழியுண்டு. மின்னஞ்சல் முகவரியோடு ஒரு வரிமுறிவையும் புகுத்தி, அதன்கீழ் வேறு பலரின் முகவரிகளைச் சேர்த்து, பிறருடைய தொடர்புப் படிவம் வழியாகவே குப்பை அஞ்சல்களை அனுப்புவது பழைய தந்திரம். அதனைத் தடுக்க வேண்டியது வழங்கி. வரும் ஒவ்வொன்றையும் அது மீண்டும் சோதித்தல் வேண்டும். வந்த எழுத்துகளைத் திரையில் காட்டும்போது கட்டளையாகக் கொள்ளாது வெறும் எழுத்தாகவே காட்டுதல் வேண்டும். அவ்விடத்தில் கடுமை தகும். பெயர்க் கட்டத்தில் காட்டும் கடுமையால் கள்வன் தடைபடுவதில்லை. தலைப்பெழுத்து வைத்தவரே தடைபடுவர்.

முடிவில் பெயர்க் கட்டத்திற்கு ஒரே விதியை நிறுத்தினோம்: வெறுமையாக இருத்தல் கூடாது. இடைவெளி மட்டும் இட்டிருப்பின் அதுவும் வெறுமையே. முதற்பெயர், குடும்பப் பெயர் என்னும் பிரிவினை நீங்கியது. ‘உங்கள் பெயர்’ என ஒரே நீண்ட கட்டம். மின்னஞ்சலுக்கு உலாவியின் எளிய சோதனை போதும். முகவரி மெய்யானதா என்பதை ஓர் அஞ்சல் அனுப்பித்தான் அறிய இயலும். எஞ்சியது வாசகம் ஒன்றே. பிழை நேர்ந்தால் நாம் விரும்பும் சொற்களைக் காட்ட உலாவி இடந்தருகிறது. ‘தவறான பெயர்’ என்பதை நீக்குமாறு கூறினோம். மாணவர் சற்றே சிந்தித்துத் தாமே எழுதினார்: “உங்கள் பெயரை இன்னும் எழுதவில்லை.” அவ்வாறே இருக்கட்டும் என்றோம்.