நெற்றிச் சாம்பல்

விபூதிப் புதனன்று காலைப் பூசை முடித்துக் கிள்ளானில் கோமுட்டர் ரயில் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வரும்வரை எனக்குப் பொழுது போய்விடும். பெட்டிக்குள் யார் யார் நெற்றியில் சாம்பல் என்று நோட்டம் விடுவேன். எதிரில் ஒரு சீன மாது, கதவோரம் ஒரு பிலிப்பினோ பெண், தூங்கி வழியும் நம்மவர் ஒருவர். கண்கள் சந்திக்கும், உடனே எல்லாரும் கைப்பேசிக்குள் குனிந்துவிடுவோம். வருஷம் முழுக்க அருகருகே தொங்கிக்கொண்டு வந்தவர் வேதக்காரர் என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.

கேஎல் சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸுக்குள் நடந்ததும் இந்தப் பெருமை போய்விடும். கந்தசாமி கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்கள் தினமும் திருநீற்றோடு நடக்கிற தெருக்கள் அவை. அவர்களுடையது வெள்ளை வெளேரென்று மூன்று கோடு. எங்களுடையது போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த கரி. சாமியார் பெருவிரலால் இழுக்கிற அவசரத்தில் சிலுவை சிலுவையாகவே விழுந்தால் பாக்கியம். பூக்கடை அக்கா ஒருமுறை, "என்னண்ணே, நெத்தியில கரி?" என்று டிஷ்யூ எடுத்து நீட்டினார். கோயிலில் வைத்தது என்றேன். "உங்க சாமியும் சாம்பல்தான் தருதா?" என்றவர், டிஷ்யூவைத் திரும்ப மடித்து வைத்துக்கொண்டு மல்லிகையைக் கட்டத் தொடங்கினார்.

அன்றைக்கு வாசிக்கிற நற்செய்தியை நினைத்தால்தான் எனக்குச் சிரிப்பு வரும். மத்தேயு ஆறாம் அதிகாரம். தர்மத்தைத் தம்பட்டம் அடிக்காதே, கதவைச் சாத்திக்கொண்டு செபி, நோன்பிருந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் இரு என்று இயேசு சொல்கிற பகுதி. அதை வாசித்து முடித்த கையோடு எங்களை வரிசையில் நிற்க வைத்து முகத்தில் கரி பூசி அனுப்புகிறார்கள். இதே மலைப்பொழிவில் ஓர் அதிகாரம் முன்னால் விளக்கை மறைத்து வைக்காதே என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ரோமாபுரியில் சாம்பலை உச்சந்தலையில் தூவிவிடுவதுதான் வழக்கம். 2021இல் கொரோனாவுக்காக எல்லா நாட்டிலும் அப்படியே தூவச் சொன்னது வத்திக்கான். முடியுள்ளவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. என்னைப்போல் வழுக்கை விழுந்தவர்களுக்கு உச்சந்தலையும் நெற்றிதானே.

இயேசு சொன்னபடி நோன்பை மறைக்க எனக்கு வாய்த்த நாள் 2025 மார்ச் 5. ரமலான் தொடங்கி நான்காம் நாளில் எங்கள் புதன் வந்தது. ஆபீஸில் பாதிப் பேர் பட்டினி. மதியம் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை, ஏன் வரவில்லை என்று கேட்கவும் இல்லை.

நெற்றிச் சாம்பல் விஷயத்தில் எனக்குத் தெரிந்த பெரிய அதிகாரி என் பாட்டி. கிள்ளானைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் வாய்க்கு லயமே பயப்படும். கோழி வேலி தாண்டினால் ஏச்சு, குழாயடியில் வாளி நகர்ந்தால் ஏச்சு, கிராணி நிறுவையில் கை வைத்தால் அவருடைய மூன்று தலைமுறைக்கும் ஏச்சு. விபூதிப் புதனன்று மட்டும் அந்த வாய் பூட்டிக் கிடக்கும். சாம்பல் கலைந்துவிடும் என்று முகம் கழுவ மாட்டார். வேர்வையைச் சேலைத் தலைப்பால் நெற்றியைச் சுற்றி ஒற்றி எடுப்பார். பக்கத்து வீட்டுக்காரி அன்றைக்குப் பார்த்து வேண்டுமென்றே வாளியை நகர்த்தி வைப்பாள். பாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். "ஏன் பாட்டி சும்மா இருக்கீங்க?" என்று கேட்டால், "நெத்தியில இத வச்சிக்கிட்டு எப்படிடா ஏசுறது?" என்பார். இரவு அப்படியே படுப்பார். தலையணை உறையெல்லாம் கரி. வியாழக்கிழமை விடியற்காலை, இருட்டிலேயே முகத்தைக் கழுவிவிட்டு, வாளிக்காரி வாசலுக்குப் போய் வட்டியும் முதலுமாகத் தீர்த்துவிட்டுத்தான் மரம் வெட்டப் போவார்.

பாட்டியின் சாம்பலால் கட்டுப்பட்டது பாட்டி ஒருவர்தான். சுவரில் மாட்டுகிற சிலுவை ஊரார் விவகாரம். 2015 ஏப்ரல் 19, ஞாயிற்றுக்கிழமை. பெட்டாலிங் ஜெயா தாமான் மேடானில் கடைவீட்டுச் சபை ஒன்றின் முகப்பில் இருந்த சிலுவையை எடுக்கச் சொல்லி ஐம்பது பேர் போலக் கூடினார்கள். சபையார் எடுத்துவிட்டார்கள். அவர்கள் பயந்துவிட்டார்கள் என்று அப்போது பலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆராதனை நடத்த வந்தவர்கள் தெருவில் மல்லுக்கு நிற்காமல் இருந்ததும் அந்தச் சிலுவையைச் சேர்ந்ததுதான். ஆனால் எடுக்கச் சொன்னவர்கள் செய்தது நியாயம் என்று இதற்கு அர்த்தமில்லை.

என் எரிச்சலெல்லாம் காடியில் தொங்குகிற சிலுவைமீதுதான். பார்வையற்றோர் சங்கம் இருக்கிற பேட்டை பிரிக்பீல்ட்ஸ். கைத்தடியோடு நடப்பவர்களுக்காக நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடுபள்ளக் கற்கள் பதித்திருக்கிறார்கள். போன மாதம் அந்த மஞ்சள் கோட்டின்மேல் ஒரு மைவி கார் ஏறி நின்றது. கண்ணாடியில் செபமாலை, பின்பக்கம் கிறிஸ்தவர்களின் மீன் ஸ்டிக்கர். மசாஜ் கடைப் பெரியவர் ஒருவரின் தடி டயரில் இடித்தது. அவர் பம்பரைத் தடவிப் பார்த்தார், மலாயில் ஒரு சொல் சொன்னார், தெருவில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போனார். மீனும் மாலையும் அவருக்கு எப்படித் தெரியும்? செபமாலையைக் கண்ணாடியில் தொங்கவிடாமல் ஸ்டியரிங்கில் சுற்றி வைக்கலாம், வளைக்கும்போதெல்லாம் கையில் உறுத்தும் என்று பங்குக் கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னேன். ஓட்டுவதற்கு ஆபத்து என்று தள்ளிவிட்டார்கள்.