மினிமம் கட்டினா போதும், சார்!

மச்சினன் கல்யாணம். இலையில் பாயசம் விழுந்த அதே விநாடி, சட்டைப் பையில் போன் அலறியது.

"சார், உங்க கார்டு பேமென்ட் இன்னும் வரலையே... இன்னிக்குக் கட்டிடுவீங்களா?"

"திங்கட்கிழமை சார்... கண்டிப்பா சார்... கொஞ்சம் பாருங்க சார்..." என்று குழைந்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே பந்தி விசாரித்துக்கொண்டு என் மனைவி!

"யாருங்க போன்ல?"

"ராங் நம்பர்!"

"ராங் நம்பருக்கு எதுக்குங்க இத்தனை சார்?"

அதற்கப்புறம் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

நான் பி.காம். கூட்டு வட்டிக் கணக்கில் தொண்ணூற்றாறு மார்க் வாங்கியவன். ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் அக்கவுண்ட்ஸ் பார்த்தவன். ஊரான் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து தேடுவேன். சொந்தக் கணக்கு? அதைத் திறந்து பார்க்கவே பயம்!

கம்பெனியில் இருந்தபோதுதான் அது வந்தது. டை கட்டிய பையன் ஒருவர், நாங்கள் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம் பார்த்து வந்து, "லைஃப் டைம் ஃப்ரீ, சார்" என்றார். ஓசி என்றால் பினாயிலைக்கூடக் குடிக்கும் பரம்பரையல்லவா நாம்? கையெழுத்துப் போட்டேன்.

முதலில் ஃபிரிட்ஜ். பிறகு வாஷிங் மெஷின். பிறகு, 'எழுதிப் பிழைக்கப் போகிறேன்' என்று வேலையை விட்டேன். கார்டுதான் என்னை விடவில்லை. பத்திரிகை செக் என்பது சென்னை மழை மாதிரி, வரும்போது வரும். வாடகையும் மளிகையும் அப்படியா? முதல் தேதியானால் வாசலில் நிற்கும். தேய்த்தேன். இரண்டு முறை ஏ.டி.எம்.மில் பணமாகவே எடுத்தேன். (அதற்குத் தனியாக ஒரு கட்டணம், வட்டியோ எடுத்த நாளிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும் என்பது பின்னால் தெரிந்தது.)

மாதா மாதம் வரும் ஸ்டேட்மென்ட்டில் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று, மொத்தம் கட்ட வேண்டியது. பார்த்தாலே மயக்கம் வரும். இன்னொன்று 'மினிமம் டியூ'. பார்த்தால் மனசு குளிரும். நான் குளிர்ந்தே பழகிவிட்டேன்.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த ராத்திரி, குழந்தை தூங்கினதும் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எவ்வளவு?"

"எது எவ்வளவு?"

"அந்த ராங் நம்பருக்கு எவ்வளவு தரணும்?"

அலமாரியில் பழைய தீபாவளி மலர்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த காகிதங்களை எடுத்துக் கொடுத்தேன். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மளிகைக் கணக்கு நோட்டைத் திறந்தாள்.

"வட்டி?"

"மாசத்துக்கு மூணரை பெர்சென்ட்..."

"அப்படீன்னா மூணரை வட்டியா! எங்க ஊர் பைனான்ஸ்காரர்கிட்ட மூணு வட்டிக்கு வாங்கினவரையே எங்கப்பா 'கிறுக்கன்'னு சொல்வாரு!"

சத்தியமாகச் சொல்கிறேன், சுருக்கென்றது. அதே வட்டியைத் தெருமுனையில் ஒருவர் கேட்டால் கந்துவட்டி என்று கொதிக்கிறோம். அதற்கு 2003-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. பளபளக்கும் காகிதத்தில் 'ஃபைனான்ஸ் சார்ஜ்' என்று அச்சடித்துக் கொடுத்தால் சார் போட்டுப் பேசுகிறோம். வருஷத்துக்குப் பார்த்தால் நாற்பத்திரண்டு பெர்சென்ட்!

அவளே கணக்குப் போட்டாள். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரத்துக்கு மாச வட்டி 4,130. வட்டிக்கு மேல் பதினெட்டு பெர்சென்ட் ஜி.எஸ்.டி. 743. ஆக 4,873. நான் கட்டிய மினிமம், ஐந்து பெர்சென்ட், 5,900. கழித்தால் கடனில் குறைந்தது வெறும் 1,027 ரூபாய்! அந்த மாசமே மளிகைக்கு மூவாயிரம் தேய்த்தால், கட்டக் கட்ட வளர்கிற கடன்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. 'ஐம்பது நாள் வரை வட்டியில்லை' என்ற சலுகை, முழுத் தொகையையும் கட்டுகிறவருக்குத்தான். பாக்கி வைத்தவருக்கு, நேற்று வாங்கிய காபித் தூளுக்கும் நேற்றிலிருந்தே வட்டி.

நோட்டை மூடிவிட்டு அவள் சொன்னாள்: "பணம் போனாப் போவுதுங்க. என் முகத்தைப் பார்த்து ராங் நம்பர்னு சொன்னீங்களே, அதுதான்..."

அதற்கு வட்டி எத்தனை என்று எந்த பி.காம். புத்தகத்திலும் இல்லை.

மறுநாள் காலை மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றிக் கையில் வைத்தாள். (தாலிச் சங்கிலி இல்லை, பயப்படாதீர்கள்!) பேங்கில் நகைக் கடன் ஒரு லட்சம். வருஷத்துக்கு ஒன்பது பெர்சென்ட். அவள் பாஷையில் முக்கால் வட்டி. மீதிப் பதினெட்டாயிரம் அவளுடைய சீட்டுப் பணம். கார்டுக் கடன் ஒரே நாளில் காலி.

நடுவில் போன்காரர், "செட்டில்மென்ட் பண்ணிக்கறீங்களா சார்? குறைச்சுக்கலாம்" என்று ஆசை காட்டினார். பேங்கில் வேலை பார்க்கும் நண்பன் தடுத்தான். "குறைச்சுக் கட்டினா, சிபில் ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு ஏறும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போனா, அதைத்தான் முதல்ல பார்ப்பாங்க. வேற வழியே இல்லாதவன்தான் அதுக்குப் போகணும்."

அப்புறம் மாசம் பத்தாயிரம். செக் வராத மாசங்களில் இரண்டு கம்பெனிகளுக்கு ராத்திரியில் கணக்கு எழுதினேன். ஓட்டல், சினிமா எல்லாம் 'தொடரும்' போட்டு நிறுத்தி வைத்தோம். பத்து மாசம் அப்படி. பதினோராவது மாசம் நாலாயிரத்துச் சொச்சம் கட்டிச் சங்கிலியை மீட்டேன்.

கார்டை ரத்து செய்யவும் எழுதிக் கொடுத்தேன். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு ஐந்நூறு ரூபாய் பேங்க்தான் தர வேண்டும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டது. 'தாமதிக்க மாட்டார்களா' என்று ஓர் அற்ப ஆசை! ம்ஹூம்... ஐந்தாம் நாளே மூடிவிட்டார்கள்.

கார்டைக் குற்றம் சொல்லவில்லை, சார். மாசா மாசம் முழுத் தொகையைக் கட்ட முடிகிறவருக்கு அது நல்ல வேலைக்காரன். முடியாவிட்டால் முதல் மாசமே வீட்டில் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு வருஷம் சொல்லாமல் இருந்ததற்குக் கட்டிய வட்டியில் இன்னொரு சங்கிலி வாங்கியிருக்கலாம்.

போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது மறுபடி போன். கையில் சாம்பார் சாதம்; மனைவிதான் எடுத்தாள். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது. "மேடம், சாருக்குப் புதுசா ஒரு கார்டு... ரெண்டு லட்சம் லிமிட்... லைஃப் டைம் ஃப்ரீ..."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ராங் நம்பர்!"